ஆடி மாத மைல்கல்

ஆடி 1, புதன்

கண்ணீர் அஞ்சலி. திருமலை ஆகிய எனது இடது கால் சாக்ஸ் இன்று மாலை எங்கள் வீட்டுக் கொல்லையில், அம்மாவின் பொற்கரங்களால் எரியூட்டப்பட்டது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அன்னாரைப் பிரிந்து நாறும்: வலது கால் சாக்ஸ்.

"எலி செத்துக் கெடக்குன்னு நானும் வீடு பூராம் தேடுறேன்டா. இது ஒன் சாக்ஸா?" என்றாள் அம்மா. எரியும்போது ஊதா நிறத்தில் ஒரு சுடர் வந்தது. விஞ்ஞானிகள் கவனிக்க.

சாக்ஸ் வெளியே வந்ததற்குக் காரணம் ஆடி. ஆடியில் எவனும் கல்யாணம் செய்துகொள்ள மாட்டான். ராஜம்மாள் மஹால் ஈயோட்டும். அதனால் அதன் முதலாளி குருசாமி அண்ணாச்சி, கூடத்துத் தரைவிரிப்பைச் சுருட்டி, வெள்ளை டேப்பால் கோடு ஒட்டி, பந்தல் கம்பு இரண்டில் வலை கட்டி, எங்கள் ஊருக்கு ஒரு ஷட்டில் கோர்ட் தருவார். ஆவணி பிறந்தால் டேப்பை உரித்துவிடுவார். பதினோரு மாதம் சாம்பார், ஒரு மாதம் ஷட்டில். அந்தப் பதினோரு மாதச் சாம்பாரின் வாடை, பினாயில் வாடையோடு குடித்தனம் நடத்திப் பிள்ளை பெற்ற மாதிரி ஒரு வாடை உள்ளே நிற்கிறது. உவ்வே.

எங்கள் பள்ளியின் பி.டி. மாஸ்டர் அலெக்ஸ் சார்தான் நடுவர். மேடையில் மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாயிண்ட் சொல்வார். பக்கத்துச் சிம்மாசனத்தில் மணப்பெண்ணுக்குப் பதிலாக எல்லோருடைய வியர்வைத் துண்டுகளும். பொருத்தமான ஜோடி.

இன்று முதல் நாளே செம்மலர் மூன்று பேரை வரிசையாகத் தோற்கடித்தாள். செம்மலர் என் வகுப்பு, என் தெரு. அவள் அப்பா பஸ் கண்டக்டர். கூட்டம் கை தட்டியது. எனக்கு எரிச்சல். போன வருடம் இங்கே ஆடியவர்களில் ஒருவன் படிக்கக் கோயம்புத்தூர் போய்விட்டான், ஒருவன் ராணுவத்துக்குப் போய்விட்டான், கோப்பை வாங்கிய ரோஷன் மட்டையையே தொடுவதில்லை. மிச்சம் இருப்பது தொப்பைகளும் நானும். புலி போன காட்டில் பூனை நடந்தால் அதற்குப் பெயர் வீரமா?

ஆடி 3, வெள்ளி

மாரியம்மன் கோயிலில் கூழ். ஊரே தூக்குச்சட்டியோடு போய்விட்டது. மஹாலில் நானும் செம்மலரும் மட்டும்.

"ஒரு கேம் போடுவமா, மலை?" என்றாள். ஒல்லியாக இருப்பவனை மலை என்று கூப்பிடுவதில் இந்த ஊருக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

போட்டோம். இருபத்தொன்றுக்குப் பத்தொன்பது. அவள் பக்கம்தான் இருபத்தொன்று. ஆனால் பத்தொன்பது! தரை வழுக்கியது, மின்விசிறிக் காற்று அவள் கட்சி. இல்லாவிட்டால் நடந்திருக்கக்கூடியது வேறு.

கோயில் மைக்கில் "கூழ் ஊத்தப் போறோம், வரிசையா வாங்க" என்று சொன்னபோது ஆட ஆரம்பித்தோம். முடித்துவிட்டுப் போய் வரிசையில் நின்றோம். கூழ் இன்னும் நாக்கைச் சுட்டது.

திரும்பும் வழியில் டீக்கடையில் ஸ்கோரைச் சொன்னேன். "பத்தொன்பதா! பரவால்லையேடா!" என்று அண்ணாச்சியே ஒரு பஜ்ஜி வாங்கித் தந்தார். இந்த ஊரில் என்னை யாராவது "பரவால்லையே" என்று சொல்லி நான் கேட்டதில்லை. செம்மலர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. பஜ்ஜி அருமை.

ஆடி 4, சனி

பால்காரர் "என்னப்பா பத்தொன்பது" என்று கூப்பிட்டார். மலையை விட இது மேல்.

ஆடி 8, புதன்

டீக்கடையில் பட்டிமன்றம். தலைப்பு: செம்மலர் வளர்ந்தாளா, மற்றவர்கள் தேய்ந்தார்களா?

இது வெறும் வாய்ச்சண்டை இல்லை. மதுரையில் ஷட்டில் அகாடமி நடத்துகிறவர் அண்ணாச்சியின் பழைய சிநேகிதர். வருடத்துக்கு ஒரு பிள்ளையை, தங்குமிடம் சாப்பாடு எல்லாம் சேர்த்து, அண்ணாச்சியின் வாய்வார்த்தைக்காகவே எடுத்துக்கொள்வார். போன வருடம் அண்ணாச்சி ரோஷனை அனுப்பினார். ஒரே வாரத்தில் அழுதுகொண்டு திரும்பினான்.

"'ஏன் அண்ணாச்சி, மொட்டைப் பனமரத்த நட்டு எளநி கேக்குறீங்களே'ன்னு கேட்டுட்டாருப்பா என் சிநேகிதன். இன்னொரு தடவ மூக்கறுபட என்கிட்ட மூக்கு இல்ல" என்றார் அண்ணாச்சி.

"இந்தப் பிள்ள அப்பிடியில்ல அண்ணாச்சி. கை பேசுது" என்றார் மருந்துக்கடை சுல்தான் பாய்.

"கை பேசுது சரி, கேக்குறதுக்கு எதிர்த்தாப்புல ஆளு வேணும்ல" என்றார் அலெக்ஸ் சார். "ஆலையில்லா ஊருக்கு இலுப்பப்பூ சக்கர."

எனக்கு இலுப்பைப்பூ பிடித்துப்போனது. மலர்தானே அவளும்.

சாயங்காலம் மஹால் வாசலில் என் திருப்பணியைச் செய்தேன். மணமக்கள் பெயரை பிளாஸ்டிக் எழுத்துகளால் கோக்கும் வரவேற்புப் பலகை அங்கே சும்மா கிடக்கிறது. கோத்தேன்:

மணமகள்: செல்வி இலுப்பைப்பூ
மணமகன்: திரு. காலி மைதானம்
அனைவரும் வருக, எவரும் ஆட வராதீர்

ஊரே நின்று படித்துச் சிரித்தது. செம்மலர் வந்தாள். படித்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய் ஆடினாள். ஒரு திட்டுகூடத் திட்டவில்லை. ச்சை. திட்டு வாங்காத கிண்டல் ஊசிப்போன வடை மாதிரி.

ஆடி 12, ஞாயிறு

ஆடிக் கோப்பை. கோப்பை என்பது மஹாலின் சந்தனக் கும்பா. எவர் கல்யாணத்துச் சந்தனமோ அடியில் காய்ந்து, பச்சையாக ஏதோ முளைத்திருந்தது.

முதல் சுற்றில் எனக்கும் சுல்தான் பாய்க்கும் போட்டி. அவர் வயதுக்கு மரியாதை கொடுத்ததால் ஆட்டம் அவர் பக்கம் போய்விட்டது. தரையில் எங்கோ பழைய அட்சதை வேறு. அவர் லுங்கியில் ஆடினார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டியதில்லை.

செம்மலர் கோப்பையை வாங்கினாள். இறுதியாட்டத்தில் எதிராளி ஐஸ்கிரீம் கடைக்காரர். பாவம், அவரே உருகிப்போனார். முடிந்ததும் கூட்டம் மேலே விழுந்து வாழ்த்தியது. ஒரு பெரியவர் மூக்கைச் சிந்திய கையை அவள் தலையில் வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். இன்னொருவர் மேடைத் திரைச்சீலையில் அக்குளைத் துடைத்துக்கொண்டே "உலகத் தரம்மா" என்றார். உலகம் பாவம்.

நான் உரக்கச் சொன்னேன்: "தொப்பையக் கழிச்சா எத்தன பாயிண்ட் மிஞ்சும்?" நாலு பேர் சிரித்தார்கள். செம்மலர் கும்பாவைக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சை போகும்வரை தேய்த்தாள்.

ஆடி 14, செவ்வாய்

செம்மலரை அகாடமிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று இன்று மஹாலில் முடிவு சொல்லும் நாள். மேடையில் அண்ணாச்சி, சிம்மாசனத்தில் அலெக்ஸ் சார், படியில் சுல்தான் பாய். கீழே செம்மலரும் அவள் அப்பாவும். அவர் டியூட்டி உடுப்போடு வந்திருந்தார். நான் டீக்கடையிலிருந்து பஜ்ஜிப் பொட்டலம் வாங்கி வந்த வகையில் உள்ளே இருந்தேன்.

"இதுல உணர்ச்சிவசப்பட ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றார் அலெக்ஸ் சார். "போன வருசம் இவகூட ஆடுனவன் ஒருத்தனும் இப்ப இல்ல. எதிராளி மாறிட்டா எதவச்சு அளக்குறது? மாறாத ஆளு ஒருத்தன் வேணும்."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. வாயில் பஜ்ஜி.

"போன ஆடியில இவன் இவகிட்ட எடுத்தது பதினேழு. நான்தான் பாயிண்ட் சொன்னேன். இந்த ஒரு வருசத்துல இவன் ஒரு இஞ்சு முன்னேறல."

"சார்!"

"குத்தமா சொல்லலடா. நீ மைல்கல்லு. மைல்கல்லு நகராது. அதான் அதவச்சு வண்டி எம்புட்டுத் தூரம் போயிருக்குன்னு பாக்குறோம். இந்த வருசம் இவன் எடுத்தது பத்தொன்பது. அப்ப வண்டி முன்னால போகல அண்ணாச்சி. ரிவர்ஸ்ல வந்திருக்கு."

செம்மலரின் அப்பா தொப்பியை மடக்கிச் சட்டைப்பையில் வைத்தார். "அப்ப விடுங்க சார். படிப்பப் பாக்கட்டும். நானும் இவளுக்காகத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். இனிமே இந்த மட்டை வேணாம்."

அண்ணாச்சிக்கு மனசு இல்லை. என்னைப் பார்த்தார். "டேய் மலை, பத்தொன்பதுதான? நல்லா யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். செம்மலர் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. சர்வீஸ் போடுவதற்கு முன் எதிராளி தயாரா என்று பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. எண்ணெய் பழசு போல, மிச்ச பஜ்ஜியைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன்.

ஆடி 15, புதன்

இன்று விசேஷம் ஒன்றுமில்லை. பால்காரர் "பத்தொன்பது" என்றார். கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

ஆடி 17, வெள்ளி

செம்மலர் மஹாலுக்கு வருவதில்லை. மட்டைக்குச் சுற்றும் அவளுடைய கிரிப் நாடா என் பையில் தங்கிவிட்டது. கொடுப்பது குடிமகனின் கடமை என்பதால் அவள் வீட்டுக்குப் போனேன். வேறு காரணம் இல்லை.

நாற்காலி மேல் ஏறி நின்று மட்டையைப் பரணில் திணித்துக்கொண்டிருந்தாள். பழைய தலையணை, உடைந்த மிக்ஸி ஜாருக்கு நடுவில் அது போனது. பல்லிப் புழுக்கை உதிர்ந்தது.

"இந்தா, ஒன் நாடா."

"வச்சுக்க. எனக்கு எதுக்கு?"

நாடாவைத் திரும்பப் பையில் போட்டேன். "அன்னைக்கு நீ ஏன் வாயத் தொறக்கல?"

"என்னன்னு?"

"அதான்... அந்த நம்பர."

இறங்கினாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "ஜெயிச்சவ சொன்னா அதுக்குப் பேரு பீத்தல், மலை. தோத்தவன் சொன்னாத்தான் சாட்சி. நீ இருக்கேல்ல, சொல்லுவன்னு நின்னேன்."

"மொதல்லயே டீக்கடையிலயே சொல்லியிருக்கலாம்ல?"

"பரவால்லையேன்னு அண்ணாச்சி சொன்னப்ப ஒன் மூஞ்சியப் பாத்தேன். புதுச்சட்ட போட்ட பிள்ள மாதிரி இருந்துச்சு. சரி, ஒரு நா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். அதவச்சு நீ என்னையவே முடிச்சிருவன்னு நான் நெனைக்கல."

அவள் அம்மா "யாருடீ, திருமலையா? காப்பி குடிச்சிட்டுப் போப்பா" என்றார். குடித்தேன். கசப்பா இனிப்பா என்று தெரியவில்லை. ஊரில் எதைப் பார்த்தாலும் உவ்வே என்கிற எனக்கு, இன்று நாறியது சாக்ஸ் இல்லை.

ஆடி 19, ஞாயிறு

இன்று இன்னொரு கோயிலில் கூழ். வெறும் வயிற்றில் பேச வராது என்பதால் இரண்டு சொம்பு குடித்துவிட்டு மஹாலுக்குப் போனேன். அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டிருந்தார். அலெக்ஸ் சார் சிம்மாசனத்தில்.

"அண்ணாச்சி, அந்தப் பத்தொன்பதுல ஒரு சின்னத் திருத்தம்."

சரியான எண்ணைச் சொன்னேன். அண்ணாச்சி டீயை என் சட்டை மேல் துப்பிவிட்டார். அந்த எண்ணை இங்கே எழுதிப் பக்கத்தை அழுக்காக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

"நம்பாதீங்க" என்றார் அலெக்ஸ் சார். "இவன் அந்தப் பலகையில கல்யாணம் பண்ணிவச்ச பய. அந்தப் பிள்ள மேல பாவம் பாத்து இப்ப ஒரு கத விடுறான்."

"சத்தியமா சார்."

"ஒன் சத்தியம் ஒன் சாக்ஸு மாதிரிடா."

சாக்ஸின் புகழ் பி.டி. மாஸ்டர் வரை போயிருக்கிறது. பொய் சொன்னபோது பஜ்ஜி வாங்கிக் கொடுத்து நம்பினார்கள், உண்மை சொன்னால் துப்புகிறார்கள். இந்த ஊரை என்ன செய்வது?

"அப்ப இப்பவே ஆடச் சொல்லுங்க. எல்லாரும் பாருங்க" என்றேன். இது என் வாயிலிருந்துதான் வந்தது.

சுல்தான் பாய் போய்ச் செம்மலரையும் அவள் அப்பாவையும் கூட்டி வந்தார். பரணிலிருந்து இறங்கிய மட்டையில் ஒட்டடை. கூழ்ச் சட்டியோடு போன சனம் எல்லாம் மஹாலுக்குள் நுழைந்துவிட்டது.

மூன்றாவது பாயிண்டிலேயே கூட்டம் கத்தியது. "டேய், வேணும்னே விடுறான்டா!" "நடிக்கிறாண்டோய்!"

அலெக்ஸ் சார் எழுந்து நின்றுவிட்டார். "திருமலை! ஒழுங்கா ஆடு. நடிச்சேன்னா இந்தப் பிள்ளைக்குத்தான் கேடு."

அது எனக்குத் தெரியாதா? நான் ஓடினேன். வலப்பக்கம் ஓடினால் ஷட்டில் இடப்பக்கம் விழுந்தது. பின்னால் ஓடினால் வலைக்குப் பக்கத்தில், எனக்காகவே காத்திருக்கிற மாதிரி மெல்ல விழுந்தது. தரையில் விழுந்து எழுந்தேன். முட்டி உரிந்தது. போன ஆடியில் அவள் அடிப்பது தெரியும், எடுக்க வராது. இந்த ஆடியில் அடிப்பதே தெரியவில்லை. "நடிப்பு" என்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பிறகு வயிற்றுக்குள் கம்பங்கூழ் ஒரு சுற்றுச் சுற்றியது. பின்கோட்டைத் தாண்டவில்லை, கோட்டின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். இரண்டு சொம்பும். சின்ன வெங்காயம் முழுசு முழுசாக.

"எலேய்! அங்கதாண்டா ஆவணியில அக்கினி வளப்பாய்ங்க!" என்று அலறினார் அண்ணாச்சி.

சுல்தான் பாய் மட்டும் கிட்டே வந்து, குனிந்து பார்த்தார். என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் அல்லவா. கூட்டத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னார்: "நடிப்பு இல்லப்பா. இது நெசம்."

செம்மலர் ஒரு வாளித் தண்ணீரும் மரத்தூளும் கொண்டு வந்தாள். தூவினாள். துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆட்டம் முடியல. ஆடுறியா?" என்றாள்.

இரக்கம் கெட்டவள். ஆடினேன். முடிந்தது. ஸ்கோர் ஊருக்கே தெரியும், எனவே நாட்குறிப்புக்குத் தெரிய வேண்டியதில்லை.

அலெக்ஸ் சார் சிம்மாசனத்தில் மெதுவாக உட்கார்ந்தார். "அண்ணாச்சி, நான் சொன்னது தப்பு. ஆளு போனது நெசந்தான். ஆனா வண்டி எங்கயோ போயிருச்சு. அங்கருந்து பாத்தா மைல்கல்லே தெரியல."

அண்ணாச்சி போனை எடுத்து மதுரைக்குப் பேசினார். செம்மலரின் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டார். அந்தக் கையோடு வந்து என் தோளைத் தட்டினார். நான் துடைத்துக்கொள்ளவில்லை. நான் இருந்த இருப்புக்கு அது ஒன்றும் பெரிய அசிங்கமில்லை.

ஆடி 20, திங்கள்

வரலாறு குறித்துக்கொள்ளட்டும்: ஒரு நல்ல காரியத்துக்காக விட்டுக்கொடுத்துத் தோற்றவன் திருமலை. தியாகி என்று பலகையில் கோக்கலாம் என்று போனேன். எழுத்துப் பெட்டியை அண்ணாச்சி பூட்டிவிட்டார். பால்காரர் இன்று "என்னப்பா கூழு" என்றார்.

ஆடி 31, வெள்ளி

டேப்பை உரித்தாயிற்று. உரித்தது நான்தான், வாந்திக்கு அபராதமாக. டேப்பின் அடியில் தலைமுடி, இறகு, யாரோ தின்ற கல்கண்டு, எறும்பு. ச்சீ. நாளை மறுநாள் முகூர்த்தமாம். தரைவிரிப்பு வந்துவிட்டது. சிம்மாசனத்தில் அலெக்ஸ் சார் உட்கார்ந்த பள்ளத்தில் எவனோ ஒரு மாப்பிள்ளை உட்காரப் போகிறான்.

காலையில் செம்மலர் மதுரைக்குப் போனாள். அவள் அப்பா டியூட்டி பார்க்கும் பஸ்ஸிலேயே. பஸ் ஸ்டாண்டில் கிரிப் நாடாவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். "பலகையில எம்பேர ஒழுங்கா ஒரு தடவ கோத்து வைடா" என்றாள். "சாவி இல்ல" என்றேன். சிரித்தாள். விசில் அடித்தார் அவள் அப்பா.

கோடு ஒட்டிய இடத்தில் தரை கொஞ்சம் வெளுத்து இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இந்த நாட்குறிப்பில் இரண்டு இடத்தைச் சரி செய்ய வேண்டும் என்று பட்டது. அடித்து எழுதினால் அசிங்கமாக இருக்கும், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வாந்தி எடுத்த ஞாயிறு ஆட்டத்தில், மூச்சு வாங்க வாங்க, அழுகை வருகிற அளவுக்கு ஆடினேன். நான் விட்டுக்கொடுத்ததாக எழுதியது பொய். எடுத்தது ஆறு.

முதல் வெள்ளி ஆட்டத்தில் நான் எடுத்தது பத்தொன்பது இல்லை. நாலு.

அந்த நாலிலும் இரண்டு கோட்டுக்கு வெளியேதான் விழுந்தன. எனக்கே நன்றாகத் தெரிந்தது. "உள்ள" என்று சொன்னது அவள்.